பூனை ஏன் ஓயாமல் தன்னையே நக்கிக்கொண்டிருக்கிறது?

தையல்காரி (உவர்மலை):

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். வீட்டோடு தையல் வேலை, பெரும்பாலும் சாரி பிளவுஸும் பள்ளிக்கூடச் சீருடையும். எங்கள் வீட்டில் செம்பன் என்று ஒரு கடுவன் பூனை இருக்கிறான். யாரும் கொண்டுவந்து வளர்க்கவில்லை. பக்கத்து வளவு மதிலால் குதித்து வந்தான், சூடை மீன் தலையைத் தின்றான், அத்தோடு குடியிருப்பு உறுதியாகிவிட்டது.

விஷயம் என்னவென்றால், இவன் தூங்காத நேரமெல்லாம் தன்னை நக்கிக்கொண்டே இருக்கிறான். இப்போது கச்சான் காற்று அடிக்கிற காலம், மத்தியானம் விறாந்தையில் கால் வைக்க முடியாது. துணி வெட்டுகிற மேசைக்குக் கீழே சீமெந்துத் தரையில் படுத்து, முதலில் முன்காலை நக்கி முகத்தைத் துடைப்பான், பிறகு தோள், விலா, வயிறு, கடைசியில் வால். மீன் தின்றாலும் நக்குகிறான். மெஷினுக்கு மேலே ஏறி வழுக்கி விழுந்தால், ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து அப்போதும் நக்குகிறான். நான் முதுகைத் தடவிவிட்டுக் கையை எடுத்தால் தடவின இடத்தையே திரும்ப நக்குகிறான். அது எனக்குக் கொஞ்சம் ரோசமாகக்கூட இருக்கிறது.

மாமி இது சொறி என்கிறார். சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் தேய்த்துவிட்டால் சரியாகும் என்று போத்தலோடு நிற்கிறார். இவர் சொல்கிறார், பூனை சுத்தமான பிராணி, அதன்பாட்டில் விடு என்று. எனக்கு இரண்டு பேரையும் நம்ப மனமில்லை. பூனை ஏன் நக்குகிறது? எவ்வளவு நக்கினால் கூடுதல்? குளிப்பாட்ட வேண்டுமா?

---

பாலையூற்றுப் பெடியன்:

அக்கா, அது விற்றமினுக்காக. வெயில் படும்போது உரோமத்தில் விற்றமின் டி ஊறுமாம், அதைத்தான் நக்கி எடுக்கிறது. ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பூனையும் இதே கதைதான். எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை, பூனையும் படுவதில்லை 😄

---

பழைய கால்நடை:

தங்கச்சி, முதலில் அந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை மாமியிடமிருந்து வாங்கி எட்டாத இடத்தில் வையுங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

நான் கால்நடைத் திணைக்களத்தில் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் மாடும் எருமையும்தான் என் வேலை. பூனைக்காக யாரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் மாட்டைப் பார்க்கப் போன வீட்டில், தேத்தண்ணி கொடுத்துவிட்டு "ஐயா, இந்தப் பூனையையும் ஒருக்கால் பாருங்கோ" என்று மெதுவாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அப்படி வந்த பூனைகளில் நிறையப் பேர் யாரோ எதையோ பூசிவிட்டவை. பூனைக்கு மேலே பூசுவதும் அதன் வாய்க்குள் ஊற்றுவதும் ஒன்றுதான். எதைத் தடவினாலும் சற்று நேரத்தில் அது வயிற்றுக்குள் போய்விடும். மண்ணெண்ணெய் தோலையும் எரிக்கும், நக்கும்போது நுரையீரலுக்குள்ளும் போகும். நாய்க்கு விற்கிற தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பேர்மெத்ரின் என்ற பொருள் இருக்கும். நாய் தாங்கும். பூனைக்கு வலிப்பு வந்து சாகவும் கூடும். தரை கழுவும் பீனோல் வகைக் கிருமிநாசினியும் அப்படித்தான். நஞ்சை மாற்றி வெளியேற்ற நம் ஈரலில் நடக்கிற ஒரு வேலை பூனையின் ஈரலில் சரியாக நடப்பதில்லை. பூனைக்குப் பரசிற்றமோல் கொடுக்கக்கூடாது என்பதும் அதனால்தான். அரைக் குளிசையும் வேண்டாம், கால் குளிசையும் வேண்டாம்.

தம்பி சொன்ன விற்றமின் கதை நானும் கேட்ட கதைதான், எனக்கு நம்பிக்கையில்லை. நம் தோலில் வெயில் பட்டால் விற்றமின் டி உண்டாகிறது. பூனையின் தோலில் போதிய அளவு உண்டாகாது. அதற்கு வேண்டிய மூலப்பொருளை ஒரு நொதியம் முந்திக்கொண்டு கொலஸ்திரோலாக மாற்றிவிடுகிறது. பூனைக்கு அந்த விற்றமின் கிடைப்பது மீனிலும் ஈரலிலும் இருந்து. செம்பனுக்கு அந்தச் சூடை மீன் தலையில் இருந்து.

சரி, ஏன் நக்குகிறது? உங்கள் மேசைக்கடியில் நடப்பதை வைத்தே சொல்கிறேன்.

வெக்கைக்கு. பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தின் அடியில்தான் கொஞ்சம் வியர்க்கும். அதனால் எச்சிலைப் பூசிக் காயவிடுகிறது. 2018இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சிஸ் நோயெல், டேவிட் ஹூ என்ற இருவர் வீட்டுப் பூனை முதல் சிங்கம், புலி, பனிச்சிறுத்தை வரை ஆறு இனங்களின் நாக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். பூனை நாக்கு சொரசொரப்பாக இருப்பது அதில் தொண்டையைப் பார்த்து வளைந்த சிறிய முட்கள் இருப்பதால். நம் நகம் எதனாலானதோ அதே கெரட்டினால் ஆனவை. அவற்றின் முனை கெட்டியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார்கள். பார்த்தால் ஒவ்வொன்றின் நுனியும் அகப்பை மாதிரிக் குழிந்திருக்கிறது. வாயிலிருந்து எச்சிலை அள்ளி, மேல் முடியைத் தாண்டி, தோலோடு ஒட்டிக் கிடக்கிற உள்முடிக்கே கொண்டுபோய் விடுகிறது. அந்த எச்சில் ஆவியாகிப் போகும்போது, உடம்பு வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் கால் பங்கு வரை போய்விடக்கூடும் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கச்சான் நேரத்தில் செம்பன் கூட நக்குவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பாத்திரம் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கினால் அது வேறு விஷயம். பூனை அப்படிச் சும்மா செய்யாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

தெள்ளுக்கு. இது பலருக்குத் தெரியாது. எக்ஸ்டீன், ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது: தெள்ளு மலிந்த ஒரு வீட்டில் கொஞ்சப் பூனைகளுக்குக் கழுத்தைச் சுற்றி அகலமான வளையம் மாட்டி நக்கவிடாமல் செய்தார்கள், மற்றவற்றைச் சும்மா விட்டார்கள். மூன்று வாரத்தில், நக்க முடிந்த பூனைகளில் தெள்ளு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. வளையம் மாட்டியவற்றில் குறையவில்லை. அந்த நாக்குத்தான் அவற்றின் சீப்பு. இதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. விழுங்கிய தெள்ளுக்குள் நாடாப்புழுவின் குஞ்சு இருந்தால் அது பூனையின் குடலில் வளரும். வாலடியில் அரிசி அளவில் வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அதுதான். பூச்சி மருந்து கொடுக்க வேண்டும்.

தோலடியில் சுரக்கிற எண்ணெயை முடியெங்கும் பரப்பவும், உதிர்ந்த முடியை எடுக்கவும் நக்குகிறது. எடுத்த முடி பெரும்பாலும் மலத்தோடு போய்விடும், மிச்சம் திரண்டு எப்போதாவது வாந்தியாக வரும். கன்றுகளுக்கும் இது உண்டு. அறுத்த மாட்டின் இரைப்பையில் வழுவழுவென்று உருண்டையான மயிர்ப் பந்துகளைப் பார்த்திருக்கிறேன். பூனையினுடையது உருண்டையாக இருக்காது. ஒடுங்கிய தொண்டைக்குழாயால் பிதுங்கி வருவதால் நீளமாக இருக்கும். பார்த்துவிட்டுக் குடல் என்று பயப்பட வேண்டாம். எப்போதாவது வந்தால் பரவாயில்லை. அடிக்கடி வந்தாலோ, ஓங்களித்தும் ஒன்றும் வராமல் சாப்பாட்டையும் விட்டாலோ காட்டுங்கள்.

விழுந்துவிட்டு நக்குவது வெட்கத்தால் அல்ல. திடுக்கிட்ட மனது அடங்குவதற்கு. இரண்டு பூனை சண்டைக்கு முறைத்துக்கொண்டு நிற்கும்போது ஒன்று திடீரென்று தன் தோளை நக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல் நிற்கிற நேரத்துக்கு அதுதான் அதன் வேலை. நீங்கள் தடவிய இடத்தை நக்குவதற்கும் ரோசப்பட வேண்டாம். முடி கலைந்துவிட்டது, உங்கள் கையின் மணமும் ஏறிவிட்டது. அதைச் சீர்படுத்தித் தன் மணத்தைத் திரும்பப் பூசுகிறது. உங்களைப் பிடிக்காவிட்டால் தடவவே விடாது.

நக்குவது தாயிடமே தொடங்குகிறது. பிறந்த குட்டிக்கு மூன்று வாரம் வரை தானாக ஒன்றுக்கோ இரண்டுக்கோ போகத் தெரியாது. தாய் வயிற்றடியை நக்கினால்தான் போகும். தாயில்லாக் குட்டியை எடுத்து வளர்க்கிறவர்கள் பால் மட்டும் கொடுத்துவிட்டு, வயிறு ஊதிவிட்டது என்று வருவார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவிவிட வேண்டும். இதை யாராவது குறித்து வையுங்கள், மழைகாலத்தில் குட்டி கண்டெடுக்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம்.

எவ்வளவு நக்கினால் கூடுதல்? விழித்திருக்கும் நேரத்தில் பாதி என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். மேலே தெள்ளுக்குச் சொன்ன எக்ஸ்டீன், ஹார்ட் இருவரும் பூனைகளைப் படம்பிடித்து அளந்தபோது, தூக்கமும் ஓய்வும் போன நேரத்தில் 8 சதவீதம்தான் வந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முடியைப் பாருங்கள். நீங்கள் சொன்ன வரிசை, முகத்தில் தொடங்கி வாலில் முடிவது, நல்ல பூனையின் வரிசை. வரிசையை விட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்கினால்தான் யோசிக்க வேண்டும். கடுவன் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன்: வாலுக்கடியை விடாமல் நக்கி, அடிக்கடி மூத்திரத்துக்குக் குந்தி, சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ, அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பூனை மிஞ்சாது.

குளிப்பாட்டத் தேவையில்லை. பெயின்ற், கழிவெண்ணெய் ஏதும் பட்டு வந்தால் மட்டும் கழுவுங்கள்.

---

நிலாவெளிக் காற்று:

ஐயா, நல்ல விளக்கம். எங்களிடம் ஒரு பேர்சியன் பூனை இருக்கிறது, கொழும்பில் இருக்கிற அண்ணா ஆசைப்பட்டு வாங்கி, பிறகு பராமரிக்க முடியாமல் எங்களிடம் தள்ளிவிட்டார். இதுவும் நக்குகிறது, ஆனாலும் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் முடி சிக்கிக் கட்டியாகிவிடுகிறது. இந்த வெக்கைக்கு முழுதாகச் சிரைத்துவிடலாமா?

---

பழைய கால்நடை:

உங்கள் பூனையின் மேல் பிழையில்லை. நான் சொன்ன அந்த நாக்கு ஆராய்ச்சியிலேயே பேர்சியனைப் பற்றி வருகிறது. மற்றப் பூனைகளுக்கு, நக்கும்போது முடி அமுங்கிவிடுவதால் நாக்கின் முள் தோல்வரை எட்டும். பேர்சியனுக்கு முடியை அவ்வளவு நீளமாக மனிதர் வளர்த்தெடுத்துவிட்டதால் எட்டாது. மிச்ச வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் பல்லகன்ற சீப்பால் வாரிவிடுங்கள். கட்டியானதைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள். பூனைத் தோல் மெல்லியது, கட்டியோடு சேர்ந்து இழுபடும், வெட்டுப்பட்டுவிடும். மெஷின் வைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். முழுதாக மொட்டையடித்தால் வெயில் நேராகத் தோலில் படும். குட்டையாகக் கத்தரித்தால் போதும். இந்தக் கரையோர ஊருக்குப் பனிநாட்டு உடுப்போடு ஒரு பிராணியைக் கொண்டுவருகிற ஆசை எனக்கு விளங்கவில்லை. உங்களைச் சொல்லவில்லை, அண்ணாவைச் சொல்கிறேன்.

---

உள்துறைமுக வீதி:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. எனக்குப் பூனை கிட்ட வந்தால் தும்மல், இளைப்பு. முடிதான் காரணம் என்று வீட்டில் முடியில்லாத இனம் வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

---

பழைய கால்நடை:

முடி வெறும் வாகனம். பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கிற ஒரு புரதம்தான் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது, அதன் பெயர் ஃபெல் டி 1. நக்கி நக்கி உடம்பெல்லாம் பூசிவிடுகிறது, காய்ந்ததும் தூசியாகப் பறக்கிறது. முடியில்லாத பூனைக்கும் எச்சில் உண்டு. இளைப்பு வருகிறதென்றால் பிள்ளைகளுக்கு வேறு பிராணி பாருங்கள். மான் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்கள் ரவுணில் திரிவதைப் பார்த்துப் பார்த்து இங்கே பிள்ளைகள் அதையும் கேட்கும்.

---

தையல்காரி (உவர்மலை):

ஐயா, மிகவும் நன்றி. போத்தல் இப்போது அலமாரியின் மேல் தட்டில். நீங்கள் முடியைப் பார்க்கச் சொன்னதால் செம்பனைப் புரட்டிப் பார்த்தேன், கையில் ஒரு கீறலும் வாங்கினேன். வயிற்றின் கீழ்ப்பகுதியிலும் பின்தொடையின் உட்புறத்திலும் முடி குட்டையாக இருக்கிறது, ஒரு இடத்தில் தோலே தெரிகிறது. புண் இல்லை, சிவப்பும் இல்லை. தெள்ளு ஒன்றையும் காணவில்லை. இவர் இப்போது பூனைக்கு மனக்கவலை என்கிறார், போன மாதம் பக்கத்து வீட்டில் நாய் வாங்கியதால். அப்படி இருக்குமா?

---

பழைய கால்நடை:

இருக்கலாம். ஆனால் மனக்கவலையைக் கடைசியில் வையுங்கள். மனக்கோளாறால் நக்கி முடி போனது என்று கருதப்பட்ட 21 பூனைகளை ஒழுங்காகச் சோதித்து 2006இல் எழுதியிருக்கிறார்கள். 16க்கு உடம்பில்தான் நோய். மனம் மட்டும் காரணமாக இருந்தவை இரண்டு. நாயைப் பழி சொல்ல முதல் தோலைப் பாருங்கள்.

முடி தானாக உதிர்ந்ததா, நக்கி முறிந்ததா என்று முதலில் தெரிய வேண்டும். குட்டையான இடத்தில் விரலை எதிர்ப்பக்கமாக ஓட்டுங்கள். சொரசொரவென்று குத்தினால் நுனி முறிந்திருக்கிறது, நக்கியதுதான். உங்களிடம் ஊசியில் நூல் கோர்க்கிற பூதக்கண்ணாடி இருந்தால் நாலைந்து முடியை எடுத்து நுனியைப் பாருங்கள். நல்ல முடியின் நுனி கூராக முடியும், முறிந்தது மொட்டையாக இருக்கும்.

அடுத்தது தெள்ளு. "காணவில்லை" என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. நன்றாக நக்குகிற பூனையில் தெள்ளைக் காண முடியாது, அது விழுங்கிவிடுகிறது. தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு நிறையத் தெள்ளு வேண்டியதுமில்லை. ஒன்றிரண்டு கடித்தாலே இடுப்பையும் வயிற்றையும் நக்கி மொட்டையாக்கிவிடும். ஒரு வெள்ளைத் தாளை நனைத்துத் தரையில் வைத்து, அதன் மேல் பூனையை நிறுத்தி, நெருங்கிய பல் உள்ள சீப்பால் வாலடியையும் முதுகையும் வாருங்கள். பேன் சீப்பே போதும். விழுகிற கறுப்புத் தூளைப் பாருங்கள். மண் என்றால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் ஈரத்தில் சுற்றிவரச் செம்மண் நிறத்தில் ஊறும். அது செம்பனின் இரத்தம்தான், தெள்ளு குடித்துக் கழித்தது.

---

தையல்காரி (உவர்மலை):

ஊறுகிறது ஐயா! தாள் முழுக்கச் செம்மண் புள்ளிகள். மாமியும் கூட நின்று பார்த்தார், "நான் சொன்னேன்தானே" என்கிறார். இனி என்ன செய்ய?

---

பழைய கால்நடை:

மாமி பாதி சரி, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

மிருக வைத்தியரிடம் பூனைக்கென்றே உள்ள தெள்ளு மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் விடுகிற சொட்டு மருந்து இருக்கிறது. நாய் மருந்தைக் குறைத்து விடலாம் என்று கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டில் வேறு பூனை, நாய் வந்துபோனால் அவற்றுக்கும் அவற்றுக்குரிய மருந்து வேண்டும். நாய்க்கு மருந்து போட்ட அன்று செம்பனை அதோடு உரச விடவேண்டாம். நாடாப்புழு மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிறகு, தையல் வீடு என்றபடியால் கேட்கிறேன்: வெட்டுத்துண்டுகளை ஒரு மூலையில் குவித்து வைத்திருக்கிறீர்களா, அதன் மேல் அவன் தூங்குகிறானா? அப்படியென்றால் தொழிற்சாலை அங்கேதான் நடக்கிறது. தெள்ளு பூனையில் இட்ட முட்டை பூனையில் நிற்காது, படுக்கிற இடத்தில் கொட்டிவிடும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து துணி மடிப்புக்குள் போகும், கூட்டுப்புழு வாரக்கணக்கில் காத்திருந்து ஆள் நடமாட்டம் தெரிந்தால் வெளியே வரும். தேவையில்லாத துண்டுகளை எரித்துவிடுங்கள், தேவையானதைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பாய், சாக்கு, கால்மிதி எல்லாம் அதேபோல. மேசைக்கடியை ஒவ்வொரு நாளும் கூட்டுங்கள். ஒரு தடவை மருந்து விட்டதும் நின்றுவிடாது, கூட்டில் இருந்தவை வந்துகொண்டே இருக்கும். வைத்தியர் சொன்ன இடைவெளியில் திரும்பத் திரும்ப விட வேண்டும். முடி வளர ஒன்றிரண்டு மாதம் எடுக்கும், அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் நக்கினால் ஒவ்வாமை, பூஞ்சணம், மூத்திரப்பை நோவு என்று மற்றதைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டு நாய் அந்த வரிசையில் கடைசியில் வரும்.

மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. செம்பனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துப் பார்த்து அந்தக் கிலோவை எழுதிக்கொண்டு போங்கள்.